துரை வீட்டு விருந்தும் அக்காவின் கப்பலும்

முள்கம்பி வேலிக்குள் வளர்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பொழுது சாய்ந்ததும் தோட்டத்துக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். கடையில் டின் சாமான் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அப்படி. நாமெல்லாம் அப்போது பிள்ளைகள். எல்லா ஊரிலும் வேலி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் துணி காயப்போட்டோம்.

மலாயாவின் அந்த அவசரகாலத்தில் வந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில் இருந்தது. நாங்கள் குடியிருந்த பகுதிக்கு ரெண்டாம் டிவிஷன் என்று பெயர். அப்பா பெரிய துரையின் பங்களாவில் குசினிக்காரர். பங்களா சமையல் முழுவதும் அவர் கையில். அம்மாவும் அக்காவும் பால்மரம் வெட்டினார்கள். அக்காவுக்குப் பதினேழு வயது.

அப்பாவிடம் ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தது. பித்தளைப் பொத்தான் வைத்தது. விருந்து நாளில் மட்டும் போடுவார். அம்மா அதற்குக் கஞ்சி போட்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பாள். சூடான கஞ்சித் துணியின் வாசம் வந்தால் பங்களாவில் யாரோ வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு பொத்தான் மட்டும் வெகுநாள் என் சட்டையில் இருந்தது.

அப்பா இளவயதில் கப்பலேறி வந்தவர். அம்மா இதே தோட்டத்தில் பிறந்தவள். இந்த ஒரு வித்தியாசத்தை அப்பா ஒரு நாளும் மறக்கவில்லை, அம்மாவையும் மறக்க விடவில்லை. மழை பெய்தால், "எங்க ஊரு மழ மண்ணு வாசத்தோட வரும், இது என்னாது, குழாய்த் தண்ணி" என்பார். முருங்கைக்கீரை கசந்தால், எங்கள் ஊர்க் கீரை கசக்காது என்பார். நாங்கள் வேதக்காரர்கள். அப்பாவின் ஊர்க் கோயில் அந்திரேயார் கோயில். கார்த்திகை மாதம் திருவிழா. தோட்டத்தில் மாதம் ஒருமுறை சாமியார் வந்து பூசை வைக்கிற கொட்டகையைக் காட்டி, "இதுக்கும் கோயில்னு பேரு" என்று அப்பா சொல்வார்.

"அந்தக் கொட்டாயிலதான் நம்ம கல்யாணம் நடந்துச்சி" என்பாள் அம்மா. "செல்லாதுன்னா சொல்லுங்க, நான் இப்பவே எங்கம்மா வீட்டுக்குப் போறேன்." அம்மாவின் அம்மா வீடு எதிர் வரிசையில் இருந்த லயத்து வீடு.

அந்த வருஷம் கோலசிலாங்கூர் சாலையில் காட்டில் இருந்தவர்கள் ஒரு பஸ்ஸை நிறுத்தி எரித்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தின் கடைசி மரங்களுக்கு அருகில் இரண்டு முறை சுடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அப்பா முடிவு செய்தார். அக்காவை ஊருக்கு அனுப்பி, தன் தங்கை மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவது. தை பிறந்ததும் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று ஊருக்குத் திரும்புகிறது. அவர்களோடு அக்காவும் கப்பலேறலாம்.

"வயசுப் பொண்ண வேலிக்குள்ள வச்சிக்கிட்டு எத்தன நாளைக்கு நான் முழிச்சிக்கிட்டு இருக்கறது" என்றார் அப்பா.

"அது நீங்க பாத்த ஊரு. அவ பாக்காத ஊரு" என்றாள் அம்மா.

"பாக்காட்டி என்னா? அவ ஊரு அதுதான். ரத்தம் அங்க உள்ளது."

அக்கா வாளியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அன்று இல்லை. அவள் கப்பலில் போய்விட்டால் திரும்பி வரமாட்டாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கப்பலில் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

கப்பல் சீட்டைத் தோட்டத்து ஆபீஸ் எடுத்துத் தருமாம். அதற்குப் பெரிய துரை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா கேட்டார். பெரிய துரை மறுக்கவில்லை. "எல்லோரும் அவரவர் நாட்டில் இருப்பதுதான் நல்லது" என்று பாராட்டினாராம். "விருந்து முடியட்டும், எழுதித் தருகிறேன்" என்றாராம்.

இங்கே அந்த விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரர் எல்லாரும் ஒன்று என்றுதான் லயத்தில் நினைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நிற்கும்போது, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதைத் திருத்தினார்.

"பெரிய தொரை இங்கிலீஷ்காரர் இல்லய்யா, ஸ்காட்லாந்துக்காரர். அவர்கிட்டப் போயி இங்கிலீஷ்காரர்னு சொல்லிப் பாருங்க, மறுநாள் காலையில பெரட்டுல பேரு கூப்புடும்போது உங்க பேரு இருக்காது."

"அப்ப சின்ன தொரை?" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டார். பெரிய துரைக்கு உதவியாக இருக்கும் சின்ன துரை வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருபத்தைந்து வயதுப் பையன். காது இரண்டும் வெயிலில் உரிந்து சிவந்திருக்கும்.

"அவரு கனடா. அங்க ஒரு தீவு. ஆனா அவரும் தன்ன ஸ்காட்லாந்துன்னுதான் சொல்றாரு. கொள்ளுத் தாத்தா காலத்துல ஸ்காட்லாந்துல நெலத்த விட்டுத் தொரத்தி, குடும்பத்தோட கனடாவுக்குக் கப்பல்ல ஏத்திட்டாங்களாம். ஆட்டுப் பட்டி போடறதுக்கு எடம் வேணும்னு."

"ஆட்டுக்காகவா மனுசன தொரத்துவாங்க?"

"பால்மரத்துக்காக நம்மள ஏத்திட்டு வரலயா, அது மாதிரிதான் லா."

மண்டோர் சிறிது யோசித்தார். "அப்ப சின்ன தொரை நம்ம மாதிரி" என்றார். அதன்பின் லயத்தில் சின்ன துரைக்கு மதிப்பு ஒரு படி இறங்கியது. தோட்டத்தில் பிறந்த வெள்ளைக்காரர் என்று பேச ஆரம்பித்தார்கள். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. நம்மைப்போல என்று தெரிந்ததும் அவரைக் குறைத்துவிட்டோம்.

இரண்டு துரைகளுக்கும் சாப்பாட்டு மேசையில் தினமும் இதே வழக்கு. அப்பா பரிமாறிக்கொண்டே கேட்பார். அவருக்குக் குசினி இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து எங்களுக்குச் சொல்வார்.

"இன்னிக்கி என்னா?" என்று அம்மா கேட்பாள்.

"பெரியவரு சொல்றாரு, நான் அந்த மண்ணுல பொறந்தவன், ஒன் அப்பனும் பாக்கல, தாத்தனும் பாக்கல, நீ கனடாக்காரன், சும்மா இருன்னு. சின்னவரு விடல. எங்க வீட்ல இன்னிக்கும் அந்தப் பழைய பாஷையிலதான் ஜெபம் சொல்றோம், ஒங்களுக்கு ஒரு வார்த்த தெரியுமான்னு கேட்டுட்டாரு."

"தெரியுமா?"

"தெரியாதாம். அது மலப்பக்கத்து ஜனங்க பாஷையாம், இவரு டவுனாம். மண்ணுல பொறந்தவன் நான், நீ யாருங்கறாரு அவரு. நாக்குல வச்சிருக்கறவன் நான், நீங்க யாருங்கறாரு இவரு."

"சின்னவரு சொல்றதுதான் சரி" என்றாள் அம்மா. "மண்ணு கூட வருமா? நாக்குதான் வரும்."

"நீ இங்க பொறந்தவ. அப்படித்தான் பேசுவ."

"பெத்த புள்ளயும் இங்க பொறந்ததுதான்."

அப்பா எழுந்து வெளியே போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்தார். துரைகளைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எப்போதும் அக்காவில் வந்துதான் முடியும். அப்பா பெரிய துரை கட்சி. அம்மா சின்ன துரை கட்சி. அந்த மலைப்பக்கத்து ஜனங்களைக் கெல்ட் இனத்தவர் என்று சொல்வார்களாம். இதைப் பல வருஷம் கழித்து என் மகள் படித்துவிட்டுச் சொன்னாள். அன்று எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. யார் சொந்தக்காரர், யார் சொந்தக்காரர் இல்லை என்கிற சண்டை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அந்த மழையில் சின்ன துரை ஒருநாள் குசினிக்கு வந்து, அப்பாவிடம் ஒன்று கேட்டாராம். நீங்கள் ஊருக்குப் போனால் சொந்தக்காரர்களுக்கு என்ன வாங்கிப் போவீர்கள்? அப்பா சொன்னார்: துணி, சோப்பு, ஒரு டார்ச்லைட். சின்ன துரை அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு அடுத்த வருஷம் நீண்ட விடுமுறை. கனடாவுக்குப் போகாமல் நேராகக் கொள்ளுத் தாத்தாவின் ஊருக்குப் போகப்போகிறார். அடுத்த வாரமே கோலசிலாங்கூரில் மலாய்க்காரர்களின் பூப்போட்ட பாத்தேக் துணி இரண்டு வாங்கிவிட்டார். "யாருக்குன்னு கேட்டேன், போனாத்தான் தெரியும்ங்கறாரு" என்று அப்பா சிரித்தார்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் அந்திரேயார்தான் பாதுகாவலர்; கார்த்திகையில் அவர்களுக்கும் அதே திருநாள். அப்பாவுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. "அந்திரேயாரு நம்ம சாமி. தொரைக்கும் எனக்கும் ஒரே திருநா" என்று மண்டோரிடம்கூடச் சொன்னார். வழக்கமாகத் துரைமார் கோலசிலாங்கூர் கிளப்பில் இரவு விருந்து வைப்பார்கள். அந்த வருஷம் இருட்டியபின் சாலையில் போக முடியாது. அதனால் பெரிய துரை பங்களாவிலேயே பகல் விருந்து. அதில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பதார்த்தம் உண்டு. அப்பா அதை ஆக்கீஸ் என்பார். ஆட்டின் இரைப்பையைக் கழுவி, அதற்குள் ஈரல், இருதயம், ஓட்ஸ், வெங்காயம், மிளகு எல்லாம் திணித்துத் தைத்து, முழுசாக அவிப்பது. முன்பு டின்னில் வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் டின் வரவில்லை.

"ஆட்டுக் குடலா?" என்று அம்மா கேட்டாள். "அதுக்கா இவ்வளவு மரியாத?"

"அதத் தட்டுல வச்சி, எழுந்து நின்னு, பாட்டுப் படிச்சிட்டுத்தான் வெட்டுவாங்க."

அம்மா சிரித்த சிரிப்பில் அக்காவும் சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இதிலும் இரண்டு துரைகளும் ஒத்துப்போகவில்லை. ஈரல் போட வேண்டும் என்றார் பெரியவர். ஈரலே கூடாது, கொழுப்பும் ஓட்ஸும் வெங்காயமும் மட்டும்தான், என் பாட்டி அப்படித்தான் செய்வாள் என்றார் சின்னவர். அது கனடாக்காரர் கண்டுபிடித்தது என்றார் பெரியவர். இல்லை, நாங்கள் அங்கிருந்து கொண்டுபோனது, நீங்கள்தான் மாற்றிவிட்டீர்கள் என்றார் சின்னவர். அப்பா இருவர் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டு, பெரிய துரை சொன்னபடி செய்ய முடிவெடுத்தார். தாளில் எழுதிக் கொடுக்கப்போகிறவர் அவர்தானே.

விருந்தன்று விடிந்ததும் அப்பா என்னைச் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு புக்கிட் ரோத்தானுக்குப் போனார். பாய் கடையில் ஆட்டு இரைப்பையும் ஈரலும் சொல்லி வைத்திருந்தார். மூடிய வாளி என் மடியில். வாளி சூடாக இருந்தது. ஓட்ஸ் டின்னில் கடைக்காரர் போட்ட ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் போகாமல் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். தோட்டத்துக் கேட்டில் மலாய்க்கார ஸ்பெஷல் போலீஸ் வாளியைத் திறந்து பார்த்தார்.

"பெரிய துரை சாப்பிடவா இது?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம், இன்றைக்கு அவர்களுக்குப் பெருநாள்" என்று அப்பாவும் மலாயில் சொன்னார்.

அவர் வாளியை இன்னொரு முறை பார்த்தார். "என் மனைவி இதைத் தேங்காய்ப்பாலில் நன்றாகச் செய்வாள்" என்று சொல்லி மூடினார்.

குசினிக்குப் பின்னால் குழாயடியில் அம்மாவும் அக்காவும் உட்கார்ந்து கழுவினார்கள். கொதிநீர் ஊற்றி, சுண்ணாம்பு தடவி, கரண்டியால் சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்தார்கள். அக்கா அம்மியில் மஞ்சள் அரைத்து வந்து உள்ளும் புறமும் பூசினாள். மஞ்சள் போடாமல் குடல் கழுவுவது எங்களுக்குச் சோப்புப் போடாமல் துணி துவைப்பதுபோல. அப்பா குசினிக் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மஞ்ச போடு. ஒரு வாட வரக்கூடாது" என்றார்.

அக்கா இன்னும் கொஞ்சம் போட்டாள். ஈரலுக்கும் போட்டாள். பிறகு அப்பா எல்லாவற்றையும் அரிந்து ஓட்ஸோடு பிசைந்து உள்ளே திணித்தார். அக்கா வெள்ளை நூலால் வாயைத் தைத்தாள். பெரிய சட்டியில் அது வெகுநேரம் புரண்டு புரண்டு கொதித்தது.

அப்பா மூடியைத் திறந்து அதை வெளியே தூக்கினார். அது பழுத்த பப்பாளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. ஆவி போகப் போக நிறம் கூடியது.

"இது என்னா மஞ்சளா இருக்கு" என்றார் அப்பா.

"மஞ்ச போட்டா மஞ்சளாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

"தொரைங்க வீட்ல சாம்ப நெறமா இருக்கும்."

"சாம்ப நெறமா இருந்தா அது கழுவலன்னு அர்த்தம். இது அழகாத்தான இருக்கு."

அப்பா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். கோட்டின் பொத்தான்களைத் தடவிக்கொண்டே இருந்தார். வெளியே, குண்டுக்குத் தப்ப இரும்புத் தகடு போட்ட துரைமார் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

நான் சாப்பாட்டறைக்கும் குசினிக்கும் நடுவில் தட்டுத் துடைத்துக் கொடுக்க நின்றேன். துரைமார் துப்பாக்கிகளை வராந்தாவில் பிரம்பு நாற்காலிமேல் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். பெரிய துரையும் சின்ன துரையும் ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடை கட்டியிருந்தார்கள். இருவர் கட்டமும் வேறு வேறு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒருவர் தோட்டங்களைச் சுற்றி வரும் வயதான டாக்டர் துரை. குட்டையானவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

சின்ன துரை எழுந்து அந்தப் பழைய பாஷையில் சாப்பாட்டு ஜெபம் சொன்னார். அது தொண்டைக்குள்ளிருந்து வந்தது. சளி பிடித்தவர் பாடுவதுபோல இருந்தது. அவர் முடித்ததும் டாக்டர் துரை அதே பாஷையில் ஏதோ சொன்னார். சின்ன துரையின் முகம் மாறியது. அவரும் பதில் சொன்னார். இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். டாக்டர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவு ஒன்றில் பிறந்தவர் என்று பெரிய துரைக்கே அதுவரை தெரியாதாம். பெரிய துரை இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஆபீசில் அவரும் கிராணியும் இங்கிலீஷ் பேசும்போது நம் ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அப்பா தட்டைக் கொண்டுபோய் வைத்தது அந்த நேரத்தில்தான்.

அங்கே பேசியதை அப்பா பிறகு சொன்னபடி எழுதுகிறேன். பெரிய துரை தட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். ஆக்கீஸ் என்றார் அப்பா. ஆக்கீஸ் மஞ்சளாக இருக்காது, எடுத்துக்கொண்டு போ என்றார். அப்பா தட்டைத் தொடுவதற்குள் சின்ன துரை கத்தியால் வெட்டி ஒரு துண்டு தன் தட்டில் போட்டுக்கொண்டார். டாக்டரும் கையை நீட்டினார்.

"இது நம்முடையது அல்ல" என்றார் பெரிய துரை.

டாக்டர் மென்றுகொண்டே சொன்னார். "என் அம்மா செய்ததில் கறியே இருக்காது. கறியை விற்றுத்தான் வாடகை கட்டினோம். அது யாருடையது?"

பெரிய துரை கையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். சின்ன துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருக்கலாம். கொள்ளுத் தாத்தாவின் ஊர்ப் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று டாக்டரிடம் கேட்டார். எல்லாருக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷில் கேட்டார்.

தெரியும் என்றார் டாக்டர். சின்ன வயதில் மீன் பிடிக்கப் போகும்போது அந்தக் கரையில் படகைக் கட்டியிருக்கிறார்.

"அங்கே யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை. என் தாத்தா காலத்திலேயே யாரும் இல்லை. சுவர்கள் நிற்கின்றன. உள்ளே ஆடு படுக்கும்."

சின்ன துரை முள்கரண்டியைக் கீழே வைத்தாராம். மறுபடி எடுத்தாராம். மஞ்சள் துண்டை முழுதும் சாப்பிட்டு முடித்தாராம்.

வண்டிகள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டன. அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எல்லாவற்றையும் எங்களுக்குச் சொன்னார். பெரிய துரை தன்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அறைக்குப் போய்விட்டார் என்றும், கப்பல் சீட்டு அவ்வளவுதான் என்றும் சொன்னார். துரைக்குத் தன்மேல்தான் கோபம் என்று அப்பா கடைசிவரை நம்பினார். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. தன் வீட்டு மேசையில், தன் சாமி திருநாளில், தனக்குப் புரியாத பாஷையில் இரண்டு பேர் பேசியதை அவரால் தாங்க முடிந்திருக்காது. மஞ்சள் கைக்கு அகப்பட்டது, அதன்மேல் கோபப்பட்டார்.

"பாவம் சின்னவரு" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். "பாஷ இருக்கு, பாத்தேக் துணி இருக்கு. குடுக்கத்தான் ஆளு இல்ல. வெறும் செவுரு."

அக்காவின் விரல்கள் மஞ்சளாகவே இருந்தன. அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, நம்ம ஊர்ல ஆளு இருக்காங்களா?"

"இருக்காங்க. இல்லாம? ஒன் அத்த இருக்கா."

"அத்தய நீங்க பாத்து எத்தன வருஷமாச்சி?"

அப்பா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். அவர் கப்பலேறும்போது அத்தைக்குப் பாவாடை கட்டுகிற வயது என்று அம்மா முன்பே எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். வெளியே மழை விட்டு, தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வெகுநேரம் வெற்றிலையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"நீ என்னம்மா சொல்ற?"

அக்கா திரும்பினாள். கேள்வி தன்னிடம்தானா என்று பார்த்தாள்.

"போகச் சொன்னா போறேம்பா. ஆனா மொதல்ல நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. யாரு இருக்கா, என்னான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்பறம் நான் சொல்றேன்."

அம்மா சட்டென்று எழுந்து பாத்திரம் எடுக்கப் போனாள். அப்பா திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

மறுநாள் பெரிய துரை தாளை எழுதித்தான் வைத்திருந்தார். அப்பா தயங்கித் தயங்கி, அதில் மகள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சொன்னார். துரை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேனாவால் அடித்து மாற்றிக் கொடுத்தார்.

கப்பலேறும் வாரத்தில் சின்ன துரை எங்கள் லயத்துக்கு வந்தார். வாசலில் நின்றபடியே இரண்டு பாத்தேக் துணியையும் அப்பாவிடம் கொடுத்து, உங்கள் ஊரில் ஆள் இருக்கிறார்கள், கொண்டுபோங்கள் என்றார். அம்மா ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்து, மற்றதை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டாள். நீலப் பூப்போட்ட துணி. சின்ன துரை அடுத்த வருஷம் விடுமுறையில் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. பகாங் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டார்.

அப்பா ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் திரும்பி வந்தார். லோரியிலிருந்து இறங்கும்போது அடையாளம் தெரியவில்லை. கறுத்து, மெலிந்து, தலையில் முண்டாசு கட்டியிருந்தார். கேட்டில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு நடந்து வந்தார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். லயத்தில் பாதிப் பேர் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எல்லாரும் போகும்வரை அப்பா பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். கப்பலில் வாந்தி, ரயிலில் கூட்டம், ஊரில் மழை இல்லை.

அவர்கள் போனபின் அம்மா கேட்டாள். "நாத்தனா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. ஆளு எல்லாம் இருக்காங்க. வீடு கொள்ளாத ஆளு." அப்பா முண்டாசை அவிழ்த்தார். "ஒருத்தரும் என்ன பேரு சொல்லிக் கூப்புடல. மலாயாக்காரரு, மலாயாக்காரருன்னாங்க. பேசறதுக்கு முன்னாடியே சிரிப்பாங்க. நான் மலாய்க்காரங்க மாதிரி லா போட்டுப் பேசறேனாம். எனக்கே தெரியல."

"திருநா பாத்தீங்களா?"

"அது கார்த்திகையில. நான் போனது தையில." அதை அவர் அப்போதுதான் உணர்ந்ததுபோலச் சொன்னார்.

அக்கா கதவோரம் நின்றாள். அம்மாதான் கேட்டாள். "பையன்?"

"நல்ல பையன். தங்கமான பையன்." அப்பா முண்டாசுத் துணியால் முகத்தைத் துடைத்தார். "மொத நாளே என்ன தனியாக் கூட்டிட்டுப் போயிக் கேட்டான். மாமா, என்ன எப்ப மலாயாவுக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு."

அக்காவுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சுங்கை சோ பக்கம் லோரி ஓட்டுகிறவர். பெண் பார்க்க அவருடைய பெரியப்பா வந்திருந்தார். பழைய காலத்து மனிதர். காபியை ஆற்றிக்கொண்டே அப்பாவிடம், "ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வந்தால் அப்பா கிராமம், தாலுக்கா, கோயில் என்று வரிசையாகச் சொல்வார். நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று சொல்ல வாயெடுத்தவர் அம்மா பக்கம் திரும்பினார்.

அம்மா எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். பெரியப்பா சரியாக விளங்காதவர்போலப் பார்க்கவே, "ரெண்டாம் டிவிஷன்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு பிஸ்கோத்து எடுத்து வைத்தாள்.